மடிப்புக்காரர் விட்டுவைத்த ஓரம்

என் அக்காவின் கணவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மடிப்புக்காரர் என்றால்தான் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்வாசலில், தண்ணீர் மோட்டார் அறைக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் அவருடைய மேசை. மேசை மேல் நாலாக மடித்த கம்பளி, அதன் மேல் வெள்ளைத் துணி, பக்கத்தில் கரி போட்டுச் சூடேற்றும் பித்தளை இஸ்திரிப் பெட்டி. ஏழு கிலோ எடை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டியை அவர் வலது கை இழுத்துக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டித்துணி சுற்றியிருக்கும். கேட்டால், "கைக்கு காலர் வச்சிருக்கேன்" என்பார்.

அவரால் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பேருந்துச் சீட்டைக்கூட நகத்தால் நீவிவிட்டுத்தான் பையில் வைப்பார். நான் கல்லூரி முடித்துப் பட்டத்தைக் கொண்டுவந்த நாளில், கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாங்கிப் பார்த்தார். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் அது. காகிதம் சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டது.

"பட்டத்த சுருட்டியா குடுப்பாங்க? இவ்வளவு படிச்சவங்களுக்கு இது தெரியாதா மாப்ள?"

மேலே மெல்லிய துணி போட்டு, பெட்டியை ஆறவிட்டு, நூல் பிடித்தாற்போல் தேய்த்துக் கொடுத்தார். இன்றைக்கும் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் கண்ணாடியைவிடத் தட்டையாக இருக்கிறது. சுருக்கம் நீக்குவதுதான் அவர் கை கற்ற வித்தை. அந்த வித்தையே ஒரு நாள் அவருக்குக் குறுக்கே வந்து நின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பம்ப் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை கிடைத்ததும் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். அந்தக் குடியிருப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டிடத்தில் மூன்றாவது மாடிக்கு மேலே, மொட்டை மாடியில் இரண்டு அறை. வெளியே துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, நாலு பேர் உட்காரும் இடம். வந்த ஆறாவது மாதம் அக்காவுக்கு மசக்கை தொடங்கியது.

மசக்கை எல்லோருக்கும் வருவதுதான். அக்காவுக்கு வந்தது வேறு மாதிரி. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்தது. எண்ணெய் வாசம் ஆகாது, வெங்காயம் ஆகாது, சோப்பு ஆகாது. நான் புதிதாக வாங்கிய புத்தகப் பையின் வாசமும் ஆகாமல் பை ஒரு வாரம் வெளியே கொடியில் தொங்கியது. அவளுக்குக் குமட்டாத ஒரே வாசம் மாமா சட்டையின் கரி வாசம். சாயங்காலம் அவர் வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி மூக்கில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள்.

"கட்டுன நாள்லேருந்து இந்த சட்டைய தொவைக்கச் சொல்லி சண்ட போட்டேன். இப்ப தொவைச்சா கொன்னுடுவேன்."

சிரித்தோம். ஆனால் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்தாறுக்கு வந்திருந்தாள். மூன்றாம் மாதம் முடியப் போகிறது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா எடைக் கருவியைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை திரும்ப கூட்டிட்டு வாங்க. இதுக்கு கீழ இறங்குச்சுன்னா அட்மிட் பண்ணித்தான் ஆகணும். எதையாவது சாப்பிட வைங்க. எதுவா இருந்தாலும் சரி, உள்ள நிக்கணும்."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முறை நாலாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது மாமா ஆஸ்பத்திரிச் சீட்டை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டே வந்தார். அதில் ஒரு மடிப்பும் இல்லை.

மாடிக்கு வந்ததும் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "வாய்க்கு என்னதான் வேணும் உனக்கு? வாய தொறந்து சொல்லு."

"சொன்னா திட்டுவீங்க."

"திட்டுனா சாப்பிடுவியா? அப்ப முதல்லயே திட்டிடறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அந்த ஓரம்."

மாமாவுக்குப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை. போன வருடம் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. அடுப்பையே வண்டியில் வைத்துக் கொண்டுவந்த ஒருவர், உள்ளே தீ எரிய எரியப் பீட்சா சுட்டுக் கொடுத்தாராம். மடிப்புக்காரருக்கு என்று இரண்டு துண்டு கீழே வந்தது. அவர் வாயில் வைக்காமல் தாளில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

"நடுவுல இருக்கிற சீஸெல்லாம் வேணாம். நெனச்சாலே வருது. ஓரம் மட்டும். உப்பிக்கிட்டு, கறுப்பு கறுப்பா புள்ளி போட்டு... உங்க சட்ட வாசம் அடிச்சுதுங்க அது."

உடனே கடைக்குப் போன் செய்து ஒரு பீட்சா வரவழைத்தேன். அட்டைப்பெட்டியைத் திறந்ததுமே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். ஓரம் மெத்தைப் பஞ்சு மாதிரி இருந்தது. மருந்துக்கும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

செல்போனில் தேடிப் படித்தேன். இந்த வகைப் பீட்சாவுக்குப் பயங்கரச் சூடு வேண்டும். நானூறு டிகிரிக்கு மேல். ஒன்றரை நிமிடத்தில் வெந்து வெளியே வந்துவிட வேண்டும். வீட்டு அடுப்பில் நடக்காது. கரி போடும் கிரில் இருந்தால் முயன்று பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

"கரியா?" என்றார் மாமா. முகத்தில் மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்தது. "கரின்னா நம்ம சொந்தக்காரன் மாப்ள."

பல் டாக்டர் வீட்டு பால்கனியில் ஒரு கிரில் கிடப்பது அவருக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலில் துணி கொடுக்கவும் வாங்கவும் தவிர வேறெதற்கும் அவர் நின்றதில்லை. அன்றைக்கு நின்றார். டாக்டர், "எடுத்துட்டுப் போங்க. ஒரு தடவ சுட்டேன், மூணு தடவ துடைச்சேன், அதோட சரி" என்றாராம். சைக்கிளில் கட்டி, தள்ளிக்கொண்டே வந்து, மூன்று மாடி தூக்கிவந்தார்.

மாவு என் பொறுப்பு. மைதா, தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை ஈஸ்ட். வெள்ளிக்கிழமையே பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் அது பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. உருண்டைகளாகப் பிரித்து வைத்தேன். கம்பெனிக் கழிவுக் குவியலில் கேட்டு வாங்கிய அரை அங்குல இரும்புத் தகடு ஒன்றைத் தேய்த்துக் கழுவி, கிரில் கம்பி மேல் வைத்தேன். மேலே பூச உப்புப் போட்டு நசுக்கிய தக்காளி. பிய்த்த மொஸரெல்லா சீஸ்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா கரியைப் பற்றவைத்த விதத்தைப் பார்த்தபோதே காரியம் முடிந்த மாதிரி இருந்தது எனக்கு. ஊதவில்லை, எண்ணெய் ஊற்றவில்லை. நாலு கங்கை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார். கால் மணியில் அடுப்பு முழுவதும் பழுத்தது.

பிறகு மாவு உருண்டையைப் பலகையில் போட்டுக் கையால் பரத்தத் தொடங்கினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. எவ்வளவு அழகு! காம்பஸ் வைத்து வரைந்த வட்டம். ஆனால் இடது கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. துணியின் கரையை நீவுவதைப் போல ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அமுக்கியது.

"மாமா, ஓரத்த விடுங்க. அதுக்குள்ள காத்து இருக்கணும். அதான் உப்பும்."

"விட்டுட்டேன் மாப்ள."

வாய் விட்டது, விரல் விடவில்லை. ஜன்னலில் மூக்கைச் சட்டையால் மூடிக்கொண்டு பார்த்த அக்கா குரல் கொடுத்தாள். "என்னங்க, அதுக்கு காலர் இருக்கா? இந்தத் தேய் தேய்க்கிறீங்க?"

முதல் பீட்சா ஒரு நிமிடத்தில் அடியில் கரிக்கட்டை. மேலே தக்காளி பச்சையாகவே விழித்துக்கொண்டிருந்தது. இரண்டாவதுக்குக் கிரிலை மூடச் சொன்னேன். மூடியதும் காற்று இல்லாமல் கங்கு சோர்ந்துவிட்டது. சீஸ் உருகியது, ஓரம் வெளுத்துச் செத்துக் கிடந்தது. காற்றை முழுவதும் அமுக்கி எடுத்த ஓரம் எப்படி எழும்பும்?

அக்கா வெளியே வந்து பார்த்தாள். "டேய் தம்பி, உன் பரீட்ச அட்டையவா சுட்டீங்க?" என்றாள். ஆனாலும் எங்கள் முகத்துக்காக ஓரத்தில் விரல் நுனி அளவு பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். அடுத்த நொடி குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.

மாமா தண்ணீர்ச் சொம்போடு கதவுக்கு வெளியே நின்றார். அவள் முடித்து வரும்வரை, கொடியில் தொங்கிய ஈரத் துண்டின் சுருக்கத்தை ஒரு கையால் நீவிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை எடுத்துவைக்கச் சொல்லி என்னிடம் கண்ணால் காட்டினார். மிச்சமிருந்த மூன்று உருண்டையையும் குளிர்பெட்டியில் வைத்தேன். எறிய மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் மேசைக்குப் போனார். தேங்கிய துணி நிறைய இருந்தது. பதினோரு மணிக்குச் செல்போன் அடித்தது. "மாப்ள, இங்க வா. சீக்கிரம் வா."

ஓடினேன். மேசை மேல் ஒரு சின்னக் கவுன் கிடந்தது. ஐந்து வயதுக் குழந்தையுடையது. தோளில் பலூன் மாதிரி பஃப் கை வைத்துத் தைத்தது.

"பாரு" என்றார்.

பெட்டியின் மூக்கு நுனியைத் தோள்தையல் வரை மெதுவாகக் கொண்டுபோனார். தையலைத் தொட்டதும் நிறுத்தினார். அப்படியே திருப்பி, தையலைச் சுற்றி வந்தார். பஃப் கையை ஒரு இழைகூடத் தொடவில்லை. அது காற்றை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

"இத அமுக்குனா அந்தப் பாப்பா அழுதுடும். இத்தன வருஷத்துல ஒரு பஃப் கைய நான் அமுக்குனதில்ல. என் கைக்கு ஓரத்த விடவும் தெரியும் மாப்ள." அவர் குரல் தாழ்ந்தது. "நேத்து நான் அத பெட்ஷீட்டுனு நெனச்சுட்டேன். அது பஃப் கை."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் படித்த படிப்பு சும்மா இருக்குமா? "அது சரி மாமா. மேல வேகலையே. அடியில மட்டும்தானே சூடு? மேலேருந்து சூடு வந்தாத்தான் கறுப்புப் புள்ளி விழும். அதுக்கு என்ன பண்றது?"

மாமா என்னைப் பார்த்தார். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேலேருந்து சூடு வைக்கிறதுதானேடா நான் பொழப்பா பண்றேன்?"

அன்று சாயங்காலம் ஐந்து மணி. மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. மாமா கிரில் கங்கை நடுவிலிருந்து விலக்கி வளையமாகத் தள்ளினார். அடி கருகக் கூடாது என்பதற்காக. தகட்டின் மேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தார். சொட்டு ஆவியாகாமல் பாதரசம் மாதிரி உருண்டு ஓடியது. "இன்னும் கொஞ்சம்" என்றார். அடுத்த சொட்டு கீழே விழுந்த முத்து மாதிரித் துள்ளியது. "இப்ப சரி."

பெட்டியைத் திறந்து வழிய வழியக் கங்கு போட்டார். மூடி, கொக்கியை மாட்டி, கைப்பிடியைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டினார். பக்கத்து ஓட்டைகளில் சிவப்பு பளிச்சென்று எழுந்தது. சாம்பலைத் தட்டி, அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தார். துணி 'சொய்ங்' என்று கத்தியது. பெட்டியைக் கங்கு மேலேயே உட்கார வைத்துவிட்டு மாவுக்கு வந்தார்.

இந்த முறை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டார். நடுவில் விரல்களை வைத்து அழுத்தி, ஓரத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றார். அங்கே ஏதோ தையல் இருப்பது போல, நான் பார்க்காத ஒரு நூலை அவர் பார்ப்பது போல. வட்டம் கோணலாக வந்தது. ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் ஒல்லி. அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு கோணலைத் தன் கையால் செய்து, தொடாமல் விட்டார். நெற்றி வியர்த்திருந்தது.

மாவு பரத்திய பலகை கனம்; தூக்கித் தகட்டில் இறக்க மெல்லியதாக ஒன்று வேண்டும். கிளிப்பைக் கழற்றிக் கழுவிய என் பரீட்சை அட்டையைக் கொண்டுவந்தேன். நான் பட்டம் வாங்க எழுதிய அத்தனை தேர்வையும் தாங்கிய அட்டை. அதில் மாவைத் தூவி, பீட்சாவை வைத்து, அட்டையை வெடுக்கென்று இழுத்துத் தகட்டில் இறக்கினேன்.

மாமா பெட்டியைத் தூக்கினார்.

இதை எப்படிச் சொல்வது? துணி தேய்க்கும்போது ஏழு கிலோவையும் மேசை தாங்கும். கை தள்ளினால் போதும். இங்கே மேசை இல்லை. கங்கும் நிரம்பியதில் எடை எட்டைத் தாண்டியிருக்கும். பீட்சாவுக்கு மேலே இரண்டு விரல்கடை இடைவெளியில், வெறும் காற்றில், அந்தப் பெட்டியை நிறுத்தினார். நிறுத்தி, ஓரத்தைச் சுற்றி நகர்த்தினார். தொடவில்லை. விலகவும் இல்லை. வேகம் கூடவில்லை, குறையவில்லை. மணிக்கட்டுப் பட்டிக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி எழுந்து நின்றது. பெட்டி மட்டும் நடுங்கவில்லை.

இருபதாவது நொடியில் சீஸ் கொதித்தது. முப்பதில் ஓரம் அசைந்தது. உள்ளே யாரோ தூங்கி எழுந்து தோளைக் குலுக்குவது போல ஒரு அசைவு. பிறகு எழும்பியது. பெட்டி போன பக்கமெல்லாம் அதைப் பார்க்க நிமிர்கிற மாதிரி மாவு நிமிர்ந்தது. மஞ்சளானது, பொன்னானது. உப்பிய இடங்களில் ஒன்று, இரண்டு, நாலு என்று கறுப்புப் புள்ளிகள் பூத்தன. வெப்பம் எப்படியெல்லாம் பரவும் என்று நான் பதினாறு மதிப்பெண் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியவன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். நான் எழுதியது அத்தனையும் உண்மைதான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாய் பிளந்து நின்றேன்.

"எண்ணு மாப்ள!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எழுபத்தெட்டு... எழுபத்தொம்பது..."

தொண்ணூறில் பெட்டியை இறக்கினார். அட்டையால் வாரி எடுத்தேன்.

ஜன்னலில் அக்கா இல்லை. மாடிக் கதவருகே வந்து நின்றிருந்தாள். மாமாவின் சட்டை கையில்தான் இருந்தது, மூக்கில் இல்லை.

"நடுவு வேணாம்னாளே" என்றேன். கத்தியைத் தேடினேன்.

"கத்தி எதுக்கு?" மாமா சூட்டைப் பொருட்படுத்தாமல் பீட்சாவைப் பாதியாக மடித்தார். மறுபடி பாதியாக மடித்தார். கைக்குட்டை மடிப்பு. "நாலா மடிச்சா ஓரம் பூரா ஒரு பக்கமா வந்துடும் பாரு." வளைந்த பக்கத்தில் நாலு ஓரமும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. நடுப்பாகம் முழுவதும் கீழே, அவர் சுற்றிய தாளுக்குள் மறைந்துபோனது.

அவளிடம் நீட்டினார். அவள் முகர்ந்தாள். நாங்கள் இருவரும் மூச்சை நிறுத்தினோம்.

கடித்தாள். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. மென்றாள். விழுங்கினாள். மறுபடி கடித்தாள். ஓரம் முடியும்வரை அவள் தலை நிமிரவில்லை. பிறகு கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

இனிமேல்தான் பரீட்சை. செல்போனில் மணி பார்த்தேன். ஐந்து நிமிடம். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. மாமா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து தயாராக நின்றார். சொம்பிலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம். பதினைந்து.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் ஏன் என்னைய பேயப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? மாவு இன்னும் இருக்கா, இல்லையா?"

மாமா சொம்பைக் கீழே வைத்தார். திரும்பி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து புதுக் கங்கு அள்ளினார். நான் தூக்குகிறேன் என்று போனேன். வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் என் கை தகடு வரை தாழ்ந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். "நீ எண்ணு மாப்ள. அது படிச்சவன் வேல." பட்டித்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னொரு தொண்ணூறு நொடி அந்த எட்டுக் கிலோவைக் காற்றில் நிறுத்தினார். இன்னொரு ஓரம் எழுந்தது. அதையும் அவள் தின்றாள். ஓரமில்லாத இரண்டு நடுப்பாகங்களை நானும் அவரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

"எப்படி மாமா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஓரம் இல்லாத சட்ட மாதிரி."

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி எடைக் கருவியில் அக்கா ஏறி நின்றாள். மாமா எண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பிறகு இரண்டு. இருநூறு கிராம்தான். ஆனால் கீழே இறங்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அட்மிஷன் இப்ப வேணாம். என்ன குடுத்தீங்க? உள்ள நின்னுதா?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலது மணிக்கட்டு வீங்கி, பட்டித்துணிக்கு வெளியே பிதுங்கியிருந்தது.

"நின்னுது டாக்டர். ஓரம் குடுத்தேன்."

"என்னது?"

"ஓரம்" என்றார் மாமா. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த புதுச் சீட்டை வாங்கினார். அதன் மூலை ஒன்று மடங்கியிருந்தது. பார்த்தார். கட்டைவிரல் அதை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாங்க, மைதா வாங்கணும்" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார்.